ஆடிஜே ஆற்றோரம் சைக்கிள்: காற்றின் நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

வடக்கு இத்தாலியில் ஆடிஜே ஆற்றை ஒட்டி, போல்சானோவில் தொடங்கி ட்ரெண்டோ, ரோவெரேட்டோ வழியாக வெரோனா வரை ஒரு தார்ப்பாதை போகிறது. பெரும்பாலான தூரம் ஆற்றங்கரை மேட்டின் மேலேயே ஓடும். கார் இல்லை, லாரி இல்லை, ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவுமில்லை. இரண்டு பக்கமும் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும், நடுவில் ஆப்பிள் தோட்டமும் திராட்சையும். ரோடு பைக் (தார்ச்சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிள்) வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பாவில் இதைவிட நிம்மதியான பாதை அதிகம் கிடைக்காது. ஆனால் "சமதளம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்று நினைத்து பத்து மணிக்கு மேல் சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள் மதியம் படும் பாட்டைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியைக் காற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். வண்டி, ரயில், சாப்பாடு எல்லாம் அப்புறம்.

காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

போல்சானோ கடல்மட்டத்திலிருந்து 262 மீட்டர். ட்ரெண்டோ 190 சொச்சம். இடையில் பாதை வழியாகச் சுமார் 65 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் வருகிறது, காலுக்கு அது தெரியவே தெரியாது. ஆனாலும் "வடக்கிலிருந்து தெற்கே போனால் முழுக்க இறக்கம்" என்று பலரும் எழுதிவைத்திருப்பதை நம்பி, கூட்டம் கூட்டமாகத் தெற்கு நோக்கிக் கிளம்புகிறார்கள். கிளம்பட்டும், தப்பில்லை. எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி.

வெயில் அடிக்கும் நாட்களில், வசந்தத்திலும் கோடையிலும், காலை முடியும் நேரத்துக்கு மேல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஒரு காற்று கிளம்பும். ஓரா என்று பெயர். வெயிலில் மலைச்சரிவுகள் சூடாகி அங்கே காற்று மேலே ஏறுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கீழே சமவெளியிலிருந்தும் கார்டா ஏரிப் பக்கமிருந்தும் காற்று பள்ளத்தாக்குக்குள் இழுக்கப்படுகிறது. பள்ளத்தாக்கு குறுகல் என்பதால் அது பக்கவாட்டில் சிதறாமல் நேராக உங்கள் முகத்துக்கு வரும். சாயங்காலம் வரை விடாது. இரவில் இதற்கு நேர்மாறு: குளிர்ந்த காற்று மெதுவாக மேலிருந்து கீழே, அதாவது வடக்கிலிருந்து தெற்கே, இறங்கும். காலை எட்டு, ஒன்பது வரை அதன் மிச்சம் இருக்கும்.

எதிர்காற்று என்றால் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நீங்கள் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே 20-இல் காற்று வருகிறது என்றால் உடம்பு சந்திப்பது 45. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 45-ஐ 25-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள், மூன்று மடங்கைத் தாண்டும். அந்த ஒரு மீட்டர் இறக்கம் இதற்கு எந்த மூலைக்கு?

ஆக, திட்டம் இதுதான்: விடியற்காலையில் தெற்கே போங்கள், மதியத்துக்கு மேல் வடக்கே திரும்புங்கள். இரண்டு பக்கமும் காற்று உங்கள் முதுகில். ஒருவழிப் பயணமாகத் தெற்கே போகிறீர்கள் என்றால் அன்றைய தூரத்தைப் பகல் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள். தாமதமாகத்தான் எழுந்திருப்பேன் என்பவர்கள் ரயிலில் தெற்கே போய் இறங்கி, அங்கிருந்து மதியம் வடக்கே ஓட்டுங்கள். சோம்பேறிகளுக்கு இந்தப் பள்ளத்தாக்கு ரொம்பவே இரக்கம் காட்டும், திசை மட்டும் சரியாக இருந்தால்.

இரண்டு விதிவிலக்கு உண்டு. வானம் முழுக்க மேகம் மூடியிருந்தால் ஓரா வராது, எப்போது வேண்டுமானாலும் போகலாம். மழை பெய்து ஓய்ந்து வானம் பளிச்சென்று, மலையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தால் உஷாராகுங்கள்: அன்று ஆல்ப்ஸைத் தாண்டி வடக்கிலிருந்து வறண்ட காற்று இறங்க வாய்ப்பு உண்டு, அது காலை மாலை பார்க்காது. அப்படிப்பட்ட நாளில் திட்டத்தை மாற்றி, தெற்கே மட்டும் ஓட்டிவிட்டு ரயிலில் திரும்புங்கள். முந்தின நாள் இரவே வானிலைச் செயலியில் ட்ரெண்டோவுக்கு மணிவாரியான காற்றின் திசையைப் பார்த்துவிட்டால் சந்தேகம் இல்லை.

எந்த மாதம்

ஏப்ரல் முதல் ஜூன் பாதி வரை, பிறகு செப்டம்பர் முதல் அக்டோபர் பாதி வரை. ஜூலை, ஆகஸ்டில் போல்சானோ இத்தாலியிலேயே சூடான ஊர்களில் ஒன்றாகிவிடும், 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆல்ப்ஸ் என்றதும் குளுகுளுவென்று கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கரைமேட்டில் நிழல் கிடையாது. சென்னை வெயிலில் ஓட்டிப் பழகியவர்கள் சமாளிப்பார்கள், ஆனால் விடுமுறைக்கு வந்து எதற்கு அது.

என்னைக் கேட்டால் ஏப்ரல். ஆப்பிள் பூக்கும் காலம். அந்த மாதத்தில் இரவில் உறைபனி வருமென்று தெரிந்தால் விவசாயிகள் தோட்டம் முழுக்கத் தண்ணீர் தெளிப்பான்களை ஓடவிடுவார்கள். தண்ணீர் பூவின் மேல் உறையும்போது வெளிவிடும் வெப்பம் பூவைச் சுழியத்துக்கு ரொம்பக் கீழே போகாமல் காக்கிறது. காலை ஆறரைக்கு அந்தப் பக்கம் போனால் ஒவ்வொரு பூவும் கண்ணாடி உறைக்குள் இருக்கும், கிளைகளிலிருந்து பனிக்கூர்கள் தொங்கும், வெயில் பட்டதும் தோட்டம் முழுக்கச் சடசடவென்று உதிரும் சத்தம் கேட்கும். பார்க்க வேண்டியதுதான், ஆனால் பாதையைப் பார்த்துக்கொண்டே பாருங்கள். தெளிப்பான் தண்ணீர் தார்மேலும் விழுந்து உறைந்திருக்கும்.

வண்டியும் சாமானும்

சாதாரண ரோடு பைக் போதும். தார் நன்றாக இருக்கிறது. 28 மில்லிமீட்டர் டயர் வசதி, 25-ம் ஓடும். அங்கங்கே மரங்களின் வேர் தாரைத் தூக்கியிருக்கும், மரப்பலகைப் பாலங்கள் வரும், பலகை ஈரமாக இருந்தால் திரும்பாதீர்கள், பிரேக் போடாதீர்கள், நேராக உருண்டு தாண்டுங்கள்.

கியரைப் பற்றி யோசிக்க வேண்டாம், உட்காருவதைப் பற்றி யோசியுங்கள். சமதளத்தில் கஷ்டமே இதுதான். மலைப்பாதையில் ஏற்றத்தில் எழுந்து நிற்போம், இறக்கத்தில் மிதிக்காமல் விடுவோம், உடம்பு தானாக மாறி மாறி உட்காரும். இங்கே அந்த மாற்றம் கிடையாது. ஒரே நிலையில் ஒரே வேகத்தில் மூன்று மணி நேரம் மிதித்துக்கொண்டே இருப்பீர்கள். உள்ளங்கை மரத்துப்போகும், பின்புறம் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும். கால் மணிக்கு ஒருமுறை வேண்டுமென்றே எழுந்து நின்று பத்து இருபது மிதி மிதியுங்கள். ஹேண்டில்பாரில் கையின் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். கனமான கியரில் அழுத்தாமல், நிமிடத்துக்கு 85, 90 சுற்று வருகிற மாதிரி லேசாகச் சுற்றுங்கள். பேட் வைத்த அரைக்கால்சட்டையில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தண்ணீர் பாட்டில் இரண்டு. ஊர்களில் குழாய் வரும், ஆனால் மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள்: இத்தாலிய மொழியில் "நொன் பொத்தாபிலே" என்றோ, வடக்குப் பக்கம் ஜெர்மனில் "கைன் டிரிங்க்வாஸர்" என்றோ இருந்தால் குடிக்கக் கூடாது. தோட்டத்துக் குழாய்களில் கை வைக்கவே வேண்டாம். மெல்லிய கையில்லாத காற்றுச்சட்டை ஒன்று, பஞ்சர் சாமான், மணி, முன்னும் பின்னும் விளக்கு. பெரியவர்களுக்குத் தலைக்கவசம் இத்தாலியில் சட்டப்படி கட்டாயமில்லை, இருந்தாலும் போடுங்கள். இருட்டின பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலாடை கட்டாயம். வண்டி கொண்டுவராதவர்களுக்கு போல்சானோவில் வாடகைக்குக் கிடைக்கும். நல்ல ரோடு பைக் வேண்டுமென்றால் உங்கள் உயரத்தைச் சொல்லி முன்பே பதிவு செய்யுங்கள், நேரில் போனால் பெரும்பாலும் மின்சைக்கிள்தான் மிச்சமிருக்கும்.

போய்ச் சேர

ம்யூனிக்கில் இருப்பவர்களுக்கு நேரடி யூரோசிட்டி ரயில் போல்சானோவுக்கு உண்டு, நான்கு மணி நேரம் ஆகும். சைக்கிளுக்கு இடம் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், கோடையில் அது முதலில் தீர்ந்துபோகும். விமானத்தில் வருகிறவர்கள் வெரோனாவில் இறங்குவது சுலபம். வெரோனாவிலிருந்து ஆஸ்திரிய எல்லையிலுள்ள ப்ரென்னர் வரை போகும் ரயில்பாதை இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கச் சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, வழியில் சின்ன ஊர்களிலும் நிற்கும். கால் வலித்தாலோ மழை பிடித்தாலோ பக்கத்து ஸ்டேஷனில் ஏறிவிடலாம். இந்தப் பாதையின் பெரிய தைரியமே அதுதான். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். தாள் டிக்கெட்டாக இருந்தால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், இல்லையென்றால் அபராதம். போல்சானோ இருக்கும் மாகாணமான தெற்கு டைரோலில் தங்கும் விடுதி பலவற்றில் பஸ், ரயிலுக்கான விருந்தினர் அட்டை இலவசமாகத் தருவார்கள். அது ஆளுக்குத்தான், சைக்கிளுக்கு அல்ல.

போல்சானோவிலிருந்து சலோர்னோ

போல்சானோ ஸ்டேஷனிலிருந்து இசார்கோ ஆற்றங்கரைக்கு வந்துவிடுங்கள், அங்கே பாதை தெற்கே திரும்பும். ஊருக்குத் தெற்கே இசார்கோ ஆடிஜேயில் கலக்கிறது. முதல் சில கிலோமீட்டரில் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள் என்று கூட்டம் இருக்கும், வேகம் வேண்டாம். லைவ்ஸ் ஊரைத் தாண்டினதும் எல்லாம் ஓய்ந்து பாதை கரைமேட்டில் ஏறி நேராகப் போக ஆரம்பிக்கும்.

இவ்வளவு நேராக எந்த ஆறும் தானாக ஓடாது. ஒரு காலத்தில் ஆடிஜே இங்கே வளைந்து நெளிந்து சதுப்பும் கொசுவுமாகத்தான் கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டில், இந்தப் பகுதி ஆஸ்திரியாவிடம் இருந்தபோது, ரயில் போடும் வேலையோடு ஆற்றை நேராக்கிக் கரை கட்டினார்கள். வெரோனாவிலிருந்து போல்சானோவுக்கு ரயில் வந்தது 1859-இல். சதுப்பு வடிந்த இடம்தான் இன்றைக்கு நீங்கள் பார்க்கும் ஆப்பிள் தோட்டம், அன்றைக்குப் போட்ட கரைமேட்டில்தான் நீங்கள் ஓட்டுகிறீர்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வண்டி இல்லாத பாதைதான், சத்தம் இல்லாத பாதை அல்ல. ப்ரென்னர் கணவாய்க்குப் போகும் ஏ22 நெடுஞ்சாலை இதே பள்ளத்தாக்கில்தான் போகிறது, சில இடங்களில் ஆற்றுக்கு ஒட்டினாற்போல். லாரிகளின் இரைச்சல் விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கும். புகைப்படங்களில் இது வராது.

டிராக்டர் மட்டும் விதிவிலக்கு, சில துண்டுகளில் தோட்டக்காரர்களுக்கு அனுமதி உண்டு. ஆகஸ்டு நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை அறுவடை, பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு சந்துகளிலிருந்து திடீரென்று வெளியே வருவார்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள், நாம் விளையாட்டில் இருக்கிறோம், நின்று வழி விடுங்கள். மருந்து அடித்துக்கொண்டிருந்தால் புகைமூட்டம் தூரத்திலேயே தெரியும், அடங்கும் வரை காத்திருங்கள். கைக்கெட்டும் உயரத்தில் பழம் தொங்கும், பறிக்காதீர்கள்.

மதியக் காற்று எப்போது திரும்புகிறது என்று தெரிந்துகொள்ளவும் தோட்டங்களையே பாருங்கள். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து மரங்களின் மேல் கறுப்பு வலை போட்டிருப்பார்கள். காலையில் அசையாமல் தொங்கும். பதினொன்று, பன்னிரண்டு வாக்கில் ஓரம் மட்டும் படபடக்க ஆரம்பிக்கும், கரைமேட்டுப் புல் வடக்கே சாயும். இன்னும் தெற்கே போக வேண்டியது பாக்கி இருந்தால் அந்த நேரத்தில் காபிக்கு நிற்காதீர்கள்.

எஞ்ஞா ஊரில் வளைவு வளைவாகக் கூரை போட்ட பழைய கடைத்தெரு இருக்கிறது, பாதையிலிருந்து கொஞ்சம் விலகினால் போதும். அடுத்து சலோர்னோ. போல்சானோவிலிருந்து 35 கிலோமீட்டர் இருக்கலாம். மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வரும், செங்குத்தான பாறை மேல் ஒரு கோட்டை ஒட்டிக்கொண்டு நிற்கும். இதுவரை போர்டுகளில் ஜெர்மனும் இத்தாலியமும் சேர்ந்து இருந்தன, இதற்குத் தெற்கே இத்தாலியம் மட்டும்தான். முதல்முறை வருகிறவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள் இங்கேயே திரும்பலாம். போகவர 70 கிலோமீட்டர், அரைநாளில் அலுங்காமல் முடியும்.

சலோர்னோவிலிருந்து ட்ரெண்டோ

சான் மிக்கேலே தாண்டினதும் மேற்கே பள்ளத்தாக்கு விரிந்து திராட்சைச் சமவெளியாகும். தெரோல்தெகோ என்ற சிவப்பு ஒயினுக்குப் பேர்போன மண். ட்ரெண்டோ மாகாணத்துக்குள் வந்தபிறகு சைக்கிள்காரர்களுக்கென்றே பாதையோரம் பிசிகிரில் என்ற கடைகள் இருக்கின்றன: காபி, ரொட்டி, கழிப்பறை, காற்றடிக்கும் பம்ப். முதலில் வரும் கடையிலேயே நில்லுங்கள், அடுத்தது எப்போது என்று தெரியாது, குளிர்காலத்தில் சில மூடியிருக்கும்.

லாவிஸ் அருகே அவிசியோ ஆற்றைக் கடந்ததும் ட்ரெண்டோ தெரிய ஆரம்பிக்கும். இங்கே பாதை பாலங்களுக்கு அடியில் இறங்கி ஏறும். பெருமழைக்குப் பிறகு அந்தச் சுரங்கங்களில் தண்ணீர் நிற்கும், தடுப்பு போட்டிருந்தால் தாண்டிக் குதிக்காமல் மாற்றுப்பாதை போர்டைப் பாருங்கள். ஆடிஜே சாதுவாகத் தெரியும், 1966 நவம்பரில் ட்ரெண்டோவையே மூழ்கடித்த ஆறு இது.

காலை ஆறரை, ஏழுக்குக் கிளம்பியிருந்தால் பத்துக்குள் ட்ரெண்டோவில் இருப்பீர்கள். பழைய ஊருக்குள் போங்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டு. கூரையில் பச்சை ஓடு போட்ட ஒரு கோபுரம் ஆற்றிலிருந்து விலகித் தனியாக நிற்கும், தோர்ரே வெர்தே. ஒரு காலத்தில் ஆறு அதன் காலடியில்தான் போனது. 1850-களில் ஆற்றை மேற்கே தள்ளிவிட்டார்கள், கோபுரம் அங்கேயே தங்கிவிட்டது.

சாப்பாடு விஷயத்தில் நேரம் முக்கியம். உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள், பிறகு இரவு ஏழுக்குத்தான். சைவர்கள் ஒன்று கவனியுங்கள்: கனெதெர்லி என்று ரொட்டி உருண்டை எல்லா இடத்திலும் கிடைக்கும், சாதாரண வகையில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கீரை அல்லது சீஸ் போட்டதைக் கேட்டு வாங்குங்கள், அதையும் இறைச்சிச் சாறில் மிதக்கவிடாமல் வெண்ணெயோடு தரச் சொல்லுங்கள். காளானோடு பொலெந்தா என்ற சோளமாவுக் களி இன்னும் பாதுகாப்பு. அளவாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்று, ஒன்றரைக்கு வண்டியை வடக்கே திருப்பினால், காலையில் 25-இல் வந்த பாதையில் அதே உழைப்புக்கு முப்பதைத் தாண்டிப் போவீர்கள். போகவர 130 கிலோமீட்டர். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ட்ரெண்டோவுக்குத் தெற்கே

இரண்டாம் நாள் இருப்பவர்களுக்கு. ட்ரெண்டோவில் தங்கி மறுபடி விடிகாலையில் கிளம்புங்கள். இடதுபுறம் குன்று முழுக்கப் படர்ந்திருக்கும் பெசேனோ கோட்டை வரும், அதைத் தாண்டினால் ரோவெரேட்டோ. முதல் உலகப்போரில் மோதின நாடுகளின் பீரங்கி வெண்கலத்தைக் கொண்டு 1924-இல் வார்த்த பெரிய மணியின் வாரிசு அந்த ஊர்க் குன்றில் இருக்கிறது, மாலைதோறும் 100 முறை அடிக்கும். அதைக் கேட்க வேண்டுமென்றால் இரவு அங்கே தங்க வேண்டும்.

மோரியில் பாதை பிரிகிறது. வலதுபக்கம் போனால் கார்டா ஏரிக்கரையில் தோர்போலே. பதினைந்து கிலோமீட்டருக்குள்தான், நடுவில் சின்ன ஏற்றம் ஒன்று. வழியில் லோப்பியோ என்று ஓர் ஏரி இருந்தது. ஆடிஜேயின் வெள்ளத்தைக் கார்டாவுக்குத் திருப்பிவிட மலைக்குள் சுரங்கம் குடைந்தபோது 1950-களில் அது வற்றிப்போனது, இப்போது புல்லும் சேறும்தான். நாகோவிலிருந்து ஏரிக்கு இறங்கும் சரிவு செங்குத்து, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்றால் மட்டும் இறங்குங்கள். மதியம் இந்தப் பக்கம் போகாதீர்கள், ஓரா நேர் எதிரே வரும். தோர்போலேயில் பாய் விரித்து அலைச்சறுக்கு விளையாட உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வருவது அதே காற்றுக்காகத்தான்.

நேரே போனால் ஆலா, ஆவியோ, பொர்கெட்டோ. அதோடு ட்ரெண்டோ மாகாணம் முடிகிறது, கூடவே போர்டுகளின் தாராளமும். கைபேசியில் பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பை (வரைபடத்தில் வழிகாட்டும் தடம்) முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். 1797-இல் நெப்போலியன் ஆஸ்திரியர்களை வென்ற ரிவோலிக்குப் பக்கத்தில் பள்ளத்தாக்கு ஒரு குறுகலான வாசலாக முடியும், அங்கே கொஞ்சம் ஏற்றம் உண்டு. அதற்குப் பிறகு பிஃப்பிஸ் கால்வாயின் கரையோடு வெரோனா வரை போகலாம். கால்வாய்ச் சுவர் சரிவான கான்கிரீட், உள்ளே விழுந்தால் ஏறுவது கஷ்டம், குழந்தைகளை விளிம்புப் பக்கம் ஓட்ட விடாதீர்கள். இந்தப் பகுதி சமவெளிக்குப் பக்கம் என்பதால் வெயில் கூடுதல், நிழல் இன்னும் குறைவு. எட்டு மணிக்கு ரோவெரேட்டோவை விட்டிருந்தால்கூடத் தாமதம்தான்.

வெரோனாவில் பழைய ஊருக்குள் நுழைந்ததும் கார்கள் மறுபடி வந்துவிடும், ஸ்டேஷன் வரை கவனமாக ஓட்டுங்கள். திரும்பும் ரயிலுக்கு ஞாயிறு மாலையைத் தவிருங்கள், சைக்கிள் வைக்கும் பெட்டி நிறைந்தால் ஏற்ற மாட்டார்கள். ஏறினதும் பைகளைக் கழற்றிவிட்டு வண்டியைத் தொங்கவிடுங்கள், எந்தப் பக்கத்துக் கதவு திறக்கும் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு வைத்துக்கொண்டால் போல்சானோவில் இறங்கும்போது அவசரம் இருக்காது.